கண்காட்சிக்கு வந்த மிருதங்கம்

ஓவியக்காரிக்கு ஐம்பத்திரண்டு வயது. பாட்டுக்காரக் குடும்பத்தில் பிறந்து பாட வராமல் போனவள். அப்பா வயலின், அம்மா வாய்ப்பாட்டு, அக்காவுக்கு இரண்டும் வரும். இவள் வாயைத் திறந்தால் மட்டும் சுதி ஒரு பக்கம் போகும், தாளம் ஒரு பக்கம் போகும், கேட்கிறவர்கள் மூன்றாவது பக்கம் போவார்கள். ஒன்பது வயதில் பள்ளிக்கூட மேடையில் கூட்டமாகப் பாட நிறுத்தினார்கள். அக்கா காதோரம் குனிந்து, "நீ வாயை மட்டும் அசை, போதும்" என்றாள். அன்றைக்கு இவள் அசைத்த அசைப்பைப் பார்த்துவிட்டு, நன்றாகப் பாடியவள் இவள்தான் என்று தலைமையாசிரியை முதுகில் தட்டிக்கொடுத்தார். வீட்டில் 'ஊமைக்குயில்' என்று பேர் விழுந்தது. பேர் வைத்தது அக்காதான், வேறு யார் வைப்பார்கள்?

பாட வராதவளுக்குப் பாட்டு பிடிக்காது என்று நினைத்தால் அது உங்கள் தப்பு. பாட்டு என்றால் இவளுக்கு உயிர். கல்யாணமாகி, பிள்ளைகள் வளர்ந்து, அவரவர் பிழைப்பைப் பார்க்கப் போன பிறகு, அப்பா விட்டுப்போன வீட்டை இரண்டாகப் பிரித்து நடுவில் ஒரு சுவர் வைத்தார்கள். அந்தப் பக்கம் அக்கா, இந்தப் பக்கம் இவள். அக்கா தெருவுக்கே பாட்டு டீச்சர். நாலு மணிக்கு வகுப்பு ஆரம்பித்தால் ஆறு வரைக்கும் வீடு கிடுகிடுவென்று அதிரும். பக்கத்து வீட்டுக்காரர்கள் ஜன்னலைச் சாத்துகிற அந்த நேரத்தில் ஓவியக்காரி தன் பலகையைத் தூக்கிக்கொண்டு போய் அதே நடுச்சுவரில் சாத்தி வைப்பாள். சுவருக்கும் காது உண்டு என்பார்கள். அந்த வீட்டுச் சுவருக்குக் காது மட்டுமல்ல, கையும் பிரஷும்கூட உண்டு.

அவள் படம் போடுகிற விதத்தைச் சொல்ல வேண்டும். மரமோ மலையோ மனிதர்களோ எதுவும் இருக்காது. குரல் ஏறினால் கை ஏறும். குரல் ஓரிடத்தில் நின்றால் சாயம் அங்கே தடிக்கும். பிள்ளைகள் தப்பாகப் பாடினால் கையை எடுத்துவிட்டு, அக்கா திருத்துகிற வரைக்கும் பனியன் துணியில் பிரஷைத் துடைத்தபடி காத்திருப்பாள். ஒரே பாட்டை அக்கா நாற்பது நாள் சொல்லிக்கொடுத்தால் ஒரே பலகையில் நாற்பது நாள் வேலை நடக்கும்.

அக்காவின் பாடத்தில் வர்ணம் என்று ஒன்று வரும். ஆரம்பப் பாட்டுகளை முடித்த பிள்ளைகளுக்குக் குரலும் விரலும் படிய வைக்கிற பெரிய உருப்படி அது. அக்கா தானே மெட்டமைத்து, தானே எழுதி, பன்னிரண்டு வர்ணம் வைத்திருந்தாள். அவளுடைய சொத்து என்றால் அந்தப் பன்னிரண்டுதான். பதினான்கு மாதத்தில் அவை ஒவ்வொன்றையும் இந்தப் பக்கம் இருந்தவள் ஒவ்வொரு பலகையில் இறக்கி வைத்தாள். அக்காவுக்குத் தெரியாது. அக்கா தங்கையின் அறைக்குள் வந்தே நாலைந்து வருஷம் ஆயிற்று. டர்பன்டைன் வாசனை தொண்டைக்கு ஆகாதாம்.

படங்களுக்குச் சட்டம் போட வந்த ஃபிரேம் கடைக்காரர்தான் முதலில் வாயைப் பிளந்தார். மனுஷன் முப்பது வருஷமாக அடுத்தவர்களின் கல்யாணப் போட்டோவுக்குச் சட்டம் அடித்துச் சலித்துப் போனவர்.

"தங்கச்சி, இதையெல்லாம் கட்டிலுக்கு அடியில போட்டு வெச்சா கரப்பான்பூச்சிதான் ரசிக்கும். என் கடை மாடியில ஹால் சும்மாக் கிடக்கு. ஞாயித்துக்கிழமை சாயங்காலம் மாட்டு. நாலு பேர் பாக்கட்டும்."

"யாருண்ணே வருவா?"

"வர்றவங்க வருவாங்க. ஒண்ணு மட்டும் செய். ஒவ்வொரு படத்துக்கும் கீழே ஒரு அட்டையில பேர் எழுதிடு. பேர் இல்லாத படத்தை ஜனங்க நின்னு பாக்க மாட்டாங்க."

பேருக்கா பஞ்சம்? ஒவ்வொரு பலகையின் பின்னாலும் பென்சிலால் ஒரு பேர் எழுதித்தான் வைத்திருந்தாள். 'படியில ஓடுற தபால்காரர்.' 'மாமியார் வந்தாச்சு.' 'பல் தேய்க்கிற பாட்டு.' 'சாவியைக் காணோம்.' இதையெல்லாம் அட்டையில் எழுதி மாட்டினால் மானம் கப்பலேறிவிடும். ஒழுங்கான ராகப் பேர் வேண்டும். அது அக்காவுக்குத்தான் தெரியும்.

அதுவும் ஒரு சாக்குதான், உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். ஊர் பார்க்கிறதோ இல்லையோ, அந்தப் படங்களை அக்கா ஒருத்தி பார்க்க வேண்டும். பார்த்து, "அட, இது என் பாட்டுல்ல?" என்று ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். ஓவியக்காரிக்கு வேண்டியது அவ்வளவுதான். ஒன்பது வயதிலிருந்து அதற்குத்தான் காத்திருந்தாள்.

வியாழக்கிழமை காலை, அக்கா தம்பூராப் பெட்டியைத் துடைத்துக்கொண்டிருந்த நேரமாகப் பார்த்துப் போனாள். சுற்றி வளைக்காமல் விஷயத்தைச் சொன்னாள். அக்கா துடைப்பதை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தாள்.

"என் வர்ணத்தையா? நீயா? படமாவா?"

"ஆமாக்கா. சுவத்துக்கு அந்தப் பக்கம் கேட்டுக் கேட்டு..."

அக்காவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள்.

"ஏண்டி, கேள்வி ஞானம்னு சொன்னாலும் அதுல ஞானம்னு ஒண்ணு வேணுமில்ல? உன்கிட்ட கேள்வி மட்டும்தானே இருக்கு! உனக்குச் சுதியே நிக்காது. நீ எப்படி என் வர்ணத்தைப் பிடிப்பே?"

"வந்து பாத்துட்டுச் சொல்லேன்."

"வந்தா உள்ளதைத்தான் சொல்வேன். நாலு பேர் முன்னால உன்னை அழ வெக்க எனக்கு இஷ்டமில்லை. நீ நல்லா நீலம், பச்சைன்னு அடிக்கிறே, அதோட விடு. சங்கீதத்தை ஏன் இழுக்கிறே?"

திட்டினாலாவது திருப்பித் திட்டலாம். அக்கா பாசமாகச் சொன்னதுதான் இவளுக்கு வலித்தது. இந்தப் பக்கம் வந்து பன்னிரண்டு அட்டையிலும் ஒன்று, இரண்டு, மூன்று என்று நம்பர் மட்டும் எழுதினாள். எழுதும்போது மூக்கை உறிஞ்சினாள். சாயத்தின் நெடி என்று வைத்துக்கொள்வோம்.

அழைப்பிதழ் வேலையை அவள் கணவர் ஏற்றுக்கொண்டார். மனுஷன் கண்ணாடிக்கடை வைத்திருப்பவர். ஊர் கண்ணையெல்லாம் சோதித்து, இந்த எழுத்து தெரிகிறதா, அந்த எழுத்து தெரிகிறதா என்று கேட்கிறவர். எழுத்துப் பெரிதாக, குறைவாக இருக்க வேண்டும் என்பது அவருடைய தொழில் தர்மம். போனில் தானே ஒரு அழைப்பிதழ் தயார் பண்ணினார்.

*பன்னிரண்டு வர்ணங்கள். ஃபிரேம் கடை மாடி ஹால். ஞாயிறு மாலை நான்கு மணி. நேரத்துக்கு வரவும்.*

"எப்படி இருக்கு? நச்சுன்னு இல்ல?"

"நல்லாத்தான் இருக்குங்க. ஓவியம்னு ஒரு வார்த்தை போட வேணாமா?"

"வர்ணம்னாலே சாயம்தானே? சின்னக் குழந்தைக்கும் தெரியும்," என்று சொல்லிவிட்டுத் தெருக்காரர்கள் குழுவுக்கு அனுப்பிவிட்டார். அந்தக் குழுவில் முக்கால்வாசிப் பேர் பாட்டு டீச்சரிடம் பிள்ளைகளை அனுப்புகிறவர்கள். அவர்களுக்கு வர்ணம் என்றால் எது ஞாபகத்துக்கு வரும்? பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது என்பார்களே, அது இதுதான்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் முழுக்க ஃபிரேம் கடைக்காரர் ரசமட்டத்தை வைத்து வைத்து ஆணி அடித்தார். படம் ஒரு நூல் சாய்ந்தாலும் அவருக்குத் தூக்கம் வராது. மூன்று பக்கச் சுவரில் பன்னிரண்டு படமும் ஏறின. மாட்டிப் பார்த்தபோது ஓவியக்காரிக்கே மூச்சு முட்டியது. அறையில் ஒவ்வொன்றாகப் பார்த்ததை எல்லாம் சேர்ந்து நிற்கப் பார்த்தபோது, தானா இதைச் செய்தோம் என்று இருந்தது. சந்தோஷத்தில் கணவரின் கையைக் கிள்ளினாள். அவர் ஆவென்று கத்தினார்.

மூன்றரைக்கே ஆட்கள் வர ஆரம்பித்துவிட்டார்கள். ஐந்து, பத்து, இருபது. ஓவியக்காரிக்குத் தலைகால் புரியவில்லை. "என் படத்துக்கா இவ்வளவு கூட்டம்?" என்று வாசலுக்கும் உள்ளுக்குமாக ஓடினாள். வந்தவர்கள் படத்தைப் பார்க்கவில்லை. மூலையில் அடுக்கியிருந்த நாற்காலிகளை எடுத்து, தாங்களே வரிசை போட்டு, படமில்லாத நாலாவது சுவரைப் பார்த்து உட்கார்ந்தார்கள். அங்கே வெறும் சுவரும் ஒரு மின்விசிறி ஸ்விட்சும்தான் இருந்தன. பன்னிரண்டு படத்துக்கும் முதுகைக் காட்டிக்கொண்டு நாற்பது பேர் பயபக்தியோடு ஸ்விட்சைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

நாலு மணிக்குப் படியில் திடுதிடுவென்று சத்தம். மிருதங்கக்காரர் ஏறி வந்தார், உறையில் போட்ட மிருதங்கத்தைத் தோளில் சுமந்துகொண்டு. அக்காவின் வகுப்பில் மாதம் ஒருமுறை வாசிக்கிறவர். அவரும் குழுவில் இருக்கிறார்.

"டீச்சர் எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லவே இல்லியே. பரவாயில்லை, நம்ம டீச்சர்தானேன்னு நானே வந்துட்டேன். மைக் எங்க இருக்கு?"

"மைக்கா? எதுக்குங்க?"

"பன்னிரண்டு வர்ணம்னு போட்டிருந்துச்சே? ஒரே மூச்சில பன்னிரண்டு! சாதாரண விஷயமா அது?"

ஓவியக்காரி கணவரைத் திரும்பிப் பார்த்தாள். அவர் தன் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார். துடைத்தார், துடைத்தார், துடைத்துக்கொண்டே இருந்தார்.

"ஒத்தை வார்த்தை. ஓவியம்னு ஒத்தை வார்த்தை போட உங்களுக்கு இடமில்லாமப் போச்சு," என்று பல்லைக் கடித்தாள். ஆனால் அழுவதா சிரிப்பதா என்று தெரியாமல் சிரித்துவிட்டாள். ஸ்விட்சைப் பார்த்துக்கொண்டிருந்த அந்த நாற்பது தலைகளைப் பார்த்தால் யாருக்குத்தான் சிரிப்பு வராது?

சிரிப்பு அடங்குவதற்குள் அக்கா வந்து நின்றாள். காலையிலிருந்து பதினேழு பேர் போன் பண்ணி, "டீச்சர், கச்சேரியா? சொல்லவே இல்லியே?" என்று கேட்டிருக்கிறார்கள். அந்தக் கோபமெல்லாம் முகத்தில் இருந்தது.

"மாப்பிள்ளை! இது உங்க வேலைதானே?"

"அண்ணி, நான் சாயத்தைத்தான்..."

"உங்க சாயம் வெளுத்துப் போச்சு, போங்க! இப்ப எல்லாரையும் நான்தான் சொல்லித் திருப்பி அனுப்பணும். நகருங்க."

கூட்டத்துக்கு முன்னால் போவதற்கு நாற்காலிகளுக்கு நடுவில் வழியில்லை. சுவரோரமாகத்தான் போக வேண்டும், படங்களை ஒட்டி. அக்கா மோவாயை நிமிர்த்திக்கொண்டு, எதையும் பார்ப்பதில்லை என்ற வைராக்கியத்தோடு நடந்தாள். முதல் படத்தைத் தாண்டினாள். இரண்டாவதைத் தாண்டினாள். மூன்றாவதைத் தாண்டியவள் ஒரு எட்டு பின்னால் வந்தாள்.

அது 'படியில ஓடுற தபால்காரர்' படம். மஞ்சளில் ஆரம்பித்து இரண்டிரண்டு படியாகத் தாவி, மேலே ஆரஞ்சில் போய் முட்டி, அதே வேகத்தில் சறுக்கிக் கீழே வருகிற கோடுகள். அக்காவின் வலதுகை, யாரும் சொல்லாமல், தொடையில் தாளம் போட்டது. உதடு முணுமுணுத்தது. முணுமுணுப்பு பாட்டாக ஆயிற்று. நாலு சுரம் பாடி நிறுத்திவிட்டு, திரும்பித் தங்கையைத் தேடினாள்.

"இது பிலகரி ராகம்தானே?"

"பேர் தெரியாதுக்கா. நீ இப்ப பாடினே பாரு, அதுதான்."

"குருட்டாம்போக்குல விழுந்திருக்கும்," என்று சொல்லிவிட்டு அக்கா அடுத்த படத்துக்குப் போனாள். அங்கேயும் நின்றாள். கீழே இருந்து கரும்பச்சை கனமாக நகர்ந்து நகர்ந்து வந்து நடுவில் அகலமாக உட்கார்ந்திருந்தது. "தோடி," என்றாள், இந்த முறை குரல் இறங்கியிருந்தது. ஆரம்பத்தைப் பாடிக் காட்டினாள். ஓவியக்காரி தலையாட்டினாள். அடுத்தது மோகனம். அதற்கடுத்தது சாவேரி. ஒன்றுகூடத் தப்பவில்லை.

வரிசையில் உட்கார்ந்திருந்தவர்கள் கழுத்தைத் திருப்பிப் பார்த்துப் பார்த்து வலித்துப்போய், நாற்காலியையே திருப்பிப் போட்டுக்கொண்டார்கள். நாற்பது நாற்காலி தரையில் தேய்ந்த சத்தத்தில் கீழே கடையில் இருந்தவர்கள் மேலே ஓடி வந்தார்கள். மிருதங்கக்காரர் இதற்குமேல் பொறுக்க முடியாமல் ஹாலின் நடுவில் சம்மணம் போட்டு உட்கார்ந்து உறையை உருவினார். அக்கா எந்தப் படத்துக்கு முன்னால் நின்றாளோ அந்தப் பக்கம் மிருதங்கத்தோடு உருண்டு திரும்பிக்கொண்டார். இப்படியும் ஒரு கச்சேரியை அந்த மாடி பார்த்திருக்காது. ஃபிரேம் கடைக்காரர், "நான் சொன்னேன்ல, நான் சொன்னேன்ல," என்று கண்டவர்களிடம் எல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார், அவர்களில் யாரிடமும் எதுவும் சொல்லியிருக்காவிட்டாலும்.

ஒன்பதாவது படத்துக்கு வந்தாள் அக்கா. கல்யாணி. நீலம் அலை அலையாக மேலே ஏறுகிற படம். அக்கா ரசித்துப் பாடிக்கொண்டே வந்தவள், நீலம் உச்சிக்குப் போன இடத்தில் டக்கென்று நின்றாள். மிருதங்கம் மட்டும் இரண்டு தட்டு தட்டிவிட்டு, தனியாகப் போகிறோம் என்று தெரிந்து அடங்கியது.

உச்சியில் நீலம் திரும்பி இறங்க வேண்டிய இடத்தில், உள்ளங்கை அகலத்துக்குச் சாம்பல் நிறத்தில் ஒரு திட்டு இருந்தது. தேய்த்துத் தேய்த்துப் பலகையின் நரம்பே தெரிந்தது. பன்னிரண்டில் ஓவியக்காரி தோற்றுப்போனது அந்த ஒரு இடத்தில்தான். அதைப் பார்த்துத்தானா அக்கா நிற்க வேண்டும்?

"இங்க என்னடி பண்ணி வெச்சிருக்கே?"

"அது... வரலைக்கா. அஞ்சு தடவை போட்டு அஞ்சு தடவையும் துடைச்சுட்டேன். அந்த இடம் வரும்போதெல்லாம் எனக்குச் சரியாவே கேக்கலை. என் காதுதான் அப்படின்னு விட்டுட்டேன்."

அக்கா படத்துக்குக் கிட்டே போனாள். திட்டை விரலால் தொட்டுப் பார்த்தாள். அப்புறம் கூட்டத்துக்கும் கேட்கும்படி திரும்பினாள். அவள் முகம் சிவந்திருந்தது.

"உன் காதுல கோளாறு ஒண்ணும் இல்லடி. அங்க பாட்டே இல்லை. மெட்டுப் போடும்போது மேல போயிட்டேன், திரும்பி வர எனக்கு வழி தெரியலை. இருபத்தியொரு வருஷமா அந்த இடத்துக்கு வந்தா இருமிட்டு, அப்படியே கீழே குதிச்சுடுவேன். ஒரு வித்வான்கூடக் கண்டுபிடிச்சதில்லை. எத்தனை பிள்ளைங்களுக்குச் சொல்லிக்குடுத்தாச்சு!"

இரண்டாவது வரிசையில் ஒரு அம்மா எழுந்து நின்றார். "டீச்சர், அதனாலதானா? என் பொண்ணு அந்தப் பாட்டுல அங்க வந்தா கரெக்டா இருமுவா. சளின்னு நினைச்சு ரெண்டு பாட்டில் மருந்து குடுத்தேன்!"

"என் பையனும்தான்!" என்றது இன்னொரு குரல். ஹால் முழுக்கச் சிரிப்பு. மிருதங்கக்காரர், "நானே அதைத் தாளத்தில சேத்து வாசிச்சிருக்கேனே, பாடத்துல இருக்குன்னு நினைச்சு!" என்று தலையில் கையை வைத்துக்கொண்டார். அக்காவும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அவ்வளவு பேருக்கு முன்னால் பாட்டு டீச்சர் அப்படிச் சிரித்து யாரும் பார்த்ததில்லை.

சிரித்து ஓய்ந்ததும் அக்கா தங்கையின் மணிக்கட்டைப் பிடித்துப் படத்துக்கு முன்னால் இழுத்து நிறுத்தினாள்.

"உனக்கு ஞானமில்லைன்னு சொன்னேன் பாரு, என்னைச் சொல்லணும். என் பாட்டை என்னைவிட நல்லாக் கேட்டவ நீ ஒருத்திதான். சொல்லு, இந்த இடத்துல என்ன வரணும்?"

"நானா? எனக்கென்னக்கா தெரியும்?"

"அஞ்சு தடவை துடைச்சேல்ல? சரியில்லைன்னு தெரிஞ்சதாலதானே துடைச்சே? அப்ப எது சரின்னு உனக்குள்ள எங்கேயோ இருக்கணும். சொல்லு."

ஐம்பத்திரண்டு வயதில் முதல்முறையாக அக்கா பாட்டில் ஒரு சந்தேகம் கேட்கிறாள், அதுவும் இவளிடம். வாயால் சொல்ல வராது என்று ஓவியக்காரிக்குத் தெரியும். அதனால் வலது கையைத் தூக்கினாள், படம் போடும்போது தூக்குவதைப் போலவே. நீலத்தோடு சேர்ந்து கை மெல்ல மேலே போயிற்று. அக்கா அந்தக் கையைப் பார்த்துக்கொண்டே பாடினாள். கை உச்சிக்குப் போனது. அக்காவின் குரலும் போனது. வழக்கமாகக் குதிக்கிற இடம் வந்ததும் அக்கா மூச்சை இழுத்தாள்.

"குதிக்காதே," என்றாள் ஓவியக்காரி. "அங்கேயே நில்லு."

அக்கா நின்றாள். அசையாமல் ஒரே சுரத்தில், தங்கையின் விரல் நுனியையே பார்த்தபடி நின்றாள். ஹாலில் யாரும் இருமவில்லை. ஓவியக்காரி தனக்குப் போதும் என்று தோன்றுகிற வரைக்கும் கையை இறக்கவில்லை. அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாக, சாயம் தானே வழிகிற வேகத்தில் இறக்கினாள். அக்காவின் குரல் கூடவே இறங்கி, வந்து சேர வேண்டிய இடத்தில் வந்து சேர்ந்தது.

மிருதங்கக்காரர்தான் முதலில் "பலே!" என்றார். கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆயிற்று. ஓவியக்காரி கண்ணில் வழிந்ததைத் துடைக்கக்கூட இல்லை. அவள் அவ்வளவு சந்தோஷமாக இருந்தாள்.

"எவ்வளவு நேரம் நிக்கணும்னு இன்னும் சரியாப் பிடிபடலை," என்றாள் பாட்டு டீச்சர், புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு. "இன்னொரு தடவை காட்டுடி."

ஓவியக்காரி மறுபடியும் கையைத் தூக்கினாள்.